வானத்தில் நெஞ்சுவலி, யார் தலையில் பில்?

"மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறேன். வழியில் எனக்கு ஏதாவது ஆகி விமானத்தை வேறு ஊரில் இறக்கினால், அந்தச் செலவை மகன் தலையில் கட்டிவிடுவார்களா?" என்று திருச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கட்ட மாட்டார்கள். அப்படியானால் யார் கட்டுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஒருவர் மயங்கி விழுந்தால், டிரைவர் ரூட்டை மறந்துவிட்டு நேரே ஜி.எச். வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். டீசல் யார் கணக்கு என்று நோயாளியின் வீட்டுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை. விமானத்திலும் வழக்கம் அதுதான். பில்தான் பெரிது. துபாயின் எமிரேட்ஸ் நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, 2016-இல் நோயாளிகளுக்காக 60-க்கும் மேற்பட்ட விமானங்களைத் திருப்பி இறக்கியது. ஒவ்வொரு முறையும் ஆன செலவு 50,000 டாலரிலிருந்து 6 லட்சம் டாலருக்கும் மேல், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய் வரை.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? ஐந்து விமான நிறுவனங்களின் 11,920 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்து அமெரிக்க மருத்துவர்கள் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 604 விமானப் பயணங்களுக்கு ஒன்றில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகிறது. அவற்றில் 7 சதவீதம்தான் பாதை மாறி இறங்கின. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் மயக்கம் அல்லது மயக்கம் வரும் நிலை. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள் காற்றழுத்தம் ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரமான, 8,000 அடி மலையில் இருப்பதுபோல் இருக்கலாம். திடமானவருக்கு அது ஒன்றும் செய்யாது. இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே தள்ளாடுபவருக்கு அந்தக் குறைந்த ஆக்சிஜனே போதும். தரையிலுள்ள மருத்துவர்கள் சாட்டிலைட் தொலைபேசியில் ஆலோசனை சொல்வார்கள். இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கேப்டன்.

முடிவெடுத்தவுடன் இறங்கிவிட முடியாது என்பதுதான் இதில் வேடிக்கை. பெரிய விமானம் கிளம்பும்போது இருக்கும் எடையில் தரையிறங்கக் கூடாது. போயிங் 777-300இஆர் ரகம் 351 டன்வரை சுமந்துகொண்டு கிளம்பலாம்; இறங்கும்போது 251 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. நடுவே உள்ள 100 டன் வழியில் எரிந்து தீரவேண்டிய எரிபொருள். கிளம்பிய ஒரு மணி நேரத்தில் நோயாளி சாய்ந்துவிட்டால் அது எரிந்து தீர நேரம் ஏது? இறக்கைகளில் இருக்கும் குழாய்களைத் திறந்து எரிபொருளை வானத்திலேயே கொட்டுகிறார்கள். போதிய உயரத்தில் கொட்டினால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். 50 டன் கொட்டினால் 60,000 லிட்டருக்கு மேல் போயிற்று. ஏ320, போயிங் 737 போன்ற சிறிய விமானங்களில் இந்த வசதி கிடையாது. அவை வட்டமடித்து எரித்துத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் கனத்தோடே இறங்க வேண்டும். உயிர் ஊசலாடும்போது பெரிய விமானத்தின் கேப்டனும் கனத்தோடு இறக்கலாம். முழு எடையிலும் நிமிடத்துக்கு 360 அடி கீழிறங்கும் வேகத்தில் தரையைத் தொட்டால் தாங்கும்படிதான் சக்கரக் கால்களை வடிவமைக்கிறார்கள். ஆனால் இறங்கிய பிறகு பொறியாளர்கள் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அது மறுபடி கிளம்ப முடியாது.

மிச்சச் செலவெல்லாம் தரையில்: இறங்கு கட்டணம், புது எரிபொருள், இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கு மாற்று டிக்கெட், ஓட்டல் அறை. விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துவிட்டால் வேறு குழு வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தனையையும் பொதுவாக விமான நிறுவனமே ஏற்கிறது. குடித்துவிட்டு ரகளை செய்பவர் கதை வேறு. 2019-இல் கால்கரியிலிருந்து லண்டன் கிளம்பிய வெஸ்ட்ஜெட் விமானம் அப்படி ஒருவரால் திரும்ப வேண்டியதாயிற்று. கொட்டிய எரிபொருளுக்காக 21,000 கனடா டாலருக்கு மேல் கட்டும்படி நீதிமன்றம் அவருக்கு உத்தரவிட்டது. நோய் குற்றமில்லை, அதனால் அந்தத் தண்டம் நோயாளிக்கு இல்லை. ஆனால் இறங்கிய ஊரின் ஆஸ்பத்திரிச் செலவு அவருடையதுதான். பயணி தன் சொந்த நோயால் விழுந்தால், சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அது விமான நிறுவனத்தின் பொறுப்பில் வராது. நிறுவனத்தின் ஆட்களே தவறு செய்தால் மட்டும் நிலைமை மாறும். 1998-இல் ஒலிம்பிக் ஏர்வேஸ் விமானத்தில் ஆஸ்துமா நோயாளி ஒருவரைப் புகைபிடிப்போர் பகுதியின் அருகிலிருந்து மாற்றி உட்கார வைக்கும்படி அவர் மனைவி பலமுறை கெஞ்சியும் பணியாளர் மறுத்தார்; கணவர் இறந்துபோனார். அதற்கு முந்தைய வார்சா ஒப்பந்தத்தின்கீழ் நடந்த அந்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004-இல் அந்த மறுப்பையே விபத்தாகக் கொண்டு நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது.

பணத்தைப் பார்த்து கேப்டன்கள் தயங்குவதாகச் சொல்ல முடியாது. 2021 மார்ச்சில் ஷார்ஜாவிலிருந்து லக்னோ வந்த இண்டிகோ விமானமும், 2023 மார்ச்சில் டெல்லியிலிருந்து தோஹா போன இண்டிகோ விமானமும் தலா ஒரு பயணிக்காகக் கராச்சியில் இறங்கின. இரண்டு நாடுகளின் பகை குறுக்கே வரவில்லை. இருவரையுமே காப்பாற்ற முடியவில்லை என்பதுதான் துயரம்.

தயங்குவது நம்மவர்கள்தான். பைபாஸ் செய்த அப்பாவை, "ஒன்றும் சொல்லாதீர்கள், ஏற்ற மாட்டார்கள்" என்று சொல்லிக்கொடுத்து வீல்சேரில் உட்கார வைத்து அனுப்புகிற பிள்ளைகள் உண்டு. மாத்திரைகள் செக்-இன் பெட்டியில் இருக்கும். இன்சூரன்ஸ் படிவத்தில் பழைய நோய்களை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். மறைத்த நோய்க்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். நடுவழியில் ஏதோ ஓர் ஐரோப்பிய ஊரில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அந்த பில்தான் மகன் தலையில் விழும்.

ஆகவே திருச்சி வாசகர் பயப்பட வேண்டியது விமானத்தின் பில்லுக்கு அல்ல. டிக்கெட் எடுத்தவுடன் விமான நிறுவனத்திடம் மருத்துவத் தகுதிப் படிவம் கேட்டு வாங்கி, தன் டாக்டரைக் கொண்டு நிரப்பித் தரட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆபரேஷன் எதையும் விடாமல் எழுதி இன்சூரன்ஸ் எடுக்கட்டும். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.