விளக்கு எரியட்டும், ஆள் விழித்திருக்கட்டும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் அங்கு நடந்த ஆதுலசாலை என்னும் மருத்துவமனையைப் பற்றி அது விரிவாகச் சொல்கிறது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். இரவில் விளக்கெரிக்க எண்ணெய்க்கும் வழி செய்திருந்தார்கள். விளக்குக்கு எண்ணெய் வைத்தவர்கள் கவனிக்க ஆளையும் வைத்தார்கள். நம் வீடுகளிலோ பல நேரம் விளக்கோ மெழுகுவத்தியோ மட்டும் எரிகிறது. ஆள் வேறு அறையில் இருக்கிறார்.

எங்கே ஏற்றுவது?

திரைச்சீலை, காலண்டர், காகிதம், படுக்கை ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளி ஏற்றுங்கள். மின்விசிறிக் காற்று படும் இடம் வேண்டாம். மெழுகுவத்தியைப் பிளாஸ்டிக் டப்பா மீதோ டிவி மீதோ ஒட்டி வைக்காமல், மணல் பரப்பிய பித்தளைத் தட்டில் நிறுத்துங்கள். திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிட்டால் சுடர் அடங்கி எரியும், கரியும் குறையும். தறி உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. பாவு, சரிகை, ஜக்கார்டு அட்டை எல்லாம் எளிதில் தீப்பிடிப்பவை. மின்சாரம் போனால் தறிப்பக்கம் டார்ச்சோ எல்.இ.டி. விளக்கோதான் சரி. கேஸ் வாசனை வந்தால் தீக்குச்சியைத் தொடவே கூடாது.

என்ன உடுத்தியிருக்கிறீர்கள்?

கார்த்திகை தீபத்தன்று குனிந்து அகல் ஏற்றும்போது முந்தானைதான் முதலில் சுடரைத் தொடும். அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தொங்கும் துப்பட்டாவையும் கூந்தலையும் முடிந்துகொள்ளுங்கள். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்; பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும். பட்டு உருகாது, மெதுவாகக் கருகும். அதற்காகப் பட்டு கட்டியவர் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சானிடைசர் தடவிய கை நன்றாகக் காய்ந்த பிறகே தீப்பெட்டியை எடுங்கள்.

புகையும் மூச்சும்

எரியும் மெழுகிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் நுண்ணிய கரித்துகள்கள் கிளம்புகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மூடிய அறையில் அது தொல்லை. ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கும் நோயாளி இருந்தால் அந்த அறையில் எந்தச் சுடரும் வேண்டாம். கற்பூரத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கல்கண்டு என்று எண்ணி விழுங்கினால் வலிப்பு வரலாம்.

தீ பட்டுவிட்டால்

உடையில் பற்றினால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கெட்டியான போர்வையால் மூடலாம். தீ அணைந்ததும், சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள். பற்பசை, மை, இட்லி மாவு, மஞ்சள் எதையும் பூசக் கூடாது; சூடு உள்ளேயே தங்கும், புண்ணில் கிருமி சேரும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர மூடுங்கள்.

முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டாலோ, காயம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலோ, பட்டது குழந்தைக்கு என்றாலோ, புகை குடித்துக் குரல் கம்மினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். எண்ணெய் பற்றி எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தட்டால் மூடினால் அடங்கும்.

மலையேற்றிவிட்டுப் படுங்கள்

விளக்கை அணைப்பது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள், மலையேற்றுவது என்பார்கள். அந்தச் சொல்லில் மரியாதையோடு ஒரு கடமையும் இருக்கிறது. ஏற்றியவர்தான் மலையேற்றவும் வேண்டும். வெளியே கிளம்பும்போதும் கண் சொருகும்போதும் எழுந்து போய் அதைச் செய்யுங்கள். இரவெல்லாம் வெளிச்சம் தேவைப்படும் நோயாளி வீட்டில் இருந்தால், ஒரு சின்ன மின்விளக்கு எரியட்டும். சுடர்தான் எரிய வேண்டும் என்றால், பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கட்டும்.