நட்டை முறுக்கினால் மட்டும் தீராத ஆட்டம்

பினாங்குத் தீவிலிருந்து 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து செபராங் பிறைக்குள் நுழைந்து, நிபோங் திபால் பக்கமாகத் தெற்கே போகிறவர்கள், செம்பனை வரிசைகளுக்கு நடுவிலோ சாலையோரத்திலோ, டிராக்டரின் பின்னால் தட்டையானதோர் இரும்புக் கூடு உறுமிக்கொண்டு புல்லை அரைத்துச் செல்வதைக் கண்டிருப்பார்கள். தோட்டத்தில் அதற்கு ஸ்லேஷர் என்று பெயர். லாலான் புல்லோடு நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் யுத்தத்தில் இது பிற்காலத்து ஆயுதம். ரப்பர்க் காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்ற கொடிய விஷமும், அதற்குப்பின் பாராகுவாட்டும் தெளிக்கப்பட்டன. மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே, அவர்களிலும் அநேகர் தமிழ்ப் பெண்களே, முதுகில் தோம்பைச் சுமந்து நடந்தார்கள். 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் முதலிய அமைப்புகள் நெடுங்காலம் குரலெழுப்பியதன் பயனாக, 2002-இல் விதிக்கப்பட்டு 2006-இல் தளர்த்தப்பட்ட பாராகுவாட் தடை, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாயிற்று. வேறு மருந்துகள் இன்னும் இருக்கின்றன என்றாலும், கத்தியால் புல்லை அறுப்பதன் மதிப்பு அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது.

அந்தக் கூட்டுக்குள் நடப்பது எளிய விஷயந்தான். டிராக்டரின் பின்புறமிருக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல, அந்தச் சுழற்சியைக் கியர்பாக்ஸ் கீழ்நோக்கித் திருப்பி வேகத்தையும் கூட்டித் தருகிறது. செங்குத்தாக இறங்கும் தண்டின் அடியில் ஒரு ஹப்பும், அந்த ஹப்போடு சேர்ந்த கனத்த தட்டும், தட்டின் இரு முனைகளில் தாராளமாக ஆடும்படி போல்ட்டில் தொங்கும் இரு கத்திகளும் இருக்கின்றன. ஐந்தடி அகல இயந்திரத்தில் தண்டு நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் கிட்டத்தட்டச் சுழன்றால், கத்தி முனை மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறக்கிறது. அவ்வளவு வேகத்தில் திரியும் இரும்பைத் தண்டோடு பிணைத்திருப்பது அந்த ஒரே ஹப் என்பதை நினைத்தால், அது லேசாக ஆடுகிறது என்று ஓட்டுநர் சொல்லும்போது, மாலைவரை ஓட்டிப் பார்ப்போம் என்று யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஆடுவது ஹப்தானா என்பதை முதலில் நிர்ணயம் செய்ய வேண்டும். இஞ்சினை நிறுத்திச் சாவியை உருவி, பி.டி.ஓ. தண்டைக் கழற்றி, கூட்டைத் தூக்கியபின் தடித்த மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தாமல் ஒருவரும் அடியில் தலை நீட்டலாகாது. ஹைட்ராலிக் கைகளை மட்டும் நம்பிப் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். அதன்பின் தட்டை இரு கைகளாலும் பற்றி மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். தண்டு அசையாமல் தட்டு மட்டும் அசைந்தால் குற்றம் ஹப்பினுடையது. தண்டும் கூடவே அசைந்தால் கியர்பாக்ஸின் பேரிங் தேய்ந்துவிட்டது, அது வேறு வைத்தியம். ஹப்பும் தண்டும் சேரும் இடத்தில் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இரும்பும் இரும்பும் நுண்ணியதாக உரசி உரசித் துருவாக உதிர்த்த தூள் அது.

இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். நட்டு தளர்ந்தது, ஆகவே நட்டை முறுக்கு என்பது அவர்கள் தர்க்கம். பெரும்பாலான ஸ்லேஷர்களில் தண்டின் நுனி கூம்பாகக் கடையப்பட்டு, அதில் ஸ்ப்ளைன் என்னும் பல்வரிகளும் வெட்டப்பட்டிருக்கும். ஹப்பின் உட்புறம் அதற்கு இசைவாக அமைந்திருக்கும். சக்தியைச் சுமப்பவை அந்தப் பற்களும், இறுகப் பொருந்திய கூம்புமே. நட்டின் கடமை இரண்டையும் பிரியாமல் அழுத்திவைப்பது மட்டும். ஆட்டம் கண்ட ஹப்பில் பற்கள் சாய்ந்து தேய்ந்து, கூம்பின் அழகான பொருத்தம் போனபின், எத்தனை பலமாக முறுக்கினாலும் நட்டு மரையின் கடைசியில் போய் நிற்குமேயன்றி ஹப்பைக் கவ்வாது. ஒன்றிரண்டு நாளில் பழையபடி ஆடும்.

நட்டைக் கழற்றியவுடனே ஒரு சோதனை தானாக நடந்துவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள கூம்பு ஹப், புல்லர் வைத்து இழுத்து, பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினாலன்றி வராது. கையால் இழுத்ததும் வந்துவிடுகிற ஹப், தான் வீணாகிவிட்டதைத் தானே சொல்லிவிடுகிறது. இரு பரப்புகளையும் துரு, கிரீஸ் இன்றித் துடைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய நீலச் சாயம் பூசிப் பொருத்திக் கழற்றினால், எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பது எதிர்ப்பக்கத்தில் அச்சாக விழும். ஹப் மட்டும் கெட்டிருந்தால் புதிய ஹப் போதும். தண்டின் பற்களும் மழுங்கியிருந்தால் கியர்பாக்ஸைப் பிரித்துத் தண்டையும் மாற்றித்தான் ஆகவேண்டும், எண்ணெய் சீலையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம்.

“ஒரு வெல்டிங் போட்டு விட்டுருங்கண்ணே, வேலை நிக்குது” என்று ஓட்டுநர் கெஞ்சுவதும், பட்டறைக்காரர் இரக்கப்பட்டு ஹப்பைத் தண்டோடு பற்றவைத்து அனுப்புவதும் வழக்கம். அந்த இரக்கம் பெரிய தீங்கு. பற்றவைப்பின் வெப்பம் பதப்படுத்திய எஃகைக் கெடுத்து வெடிப்புக்கு வழி செய்கிறது, மேலேயுள்ள சீலைக் கருக்குகிறது. அடுத்த முறை சீல் ஒழுகினால் ஹப்பை அறுத்தெடுப்பதைத் தவிர மார்க்கமில்லை.

புதிய ஹப்பை மாட்டும்போது நட்டுக்குரிய முறுக்களவு மாடலுக்கு மாடல் வேறுபடும். பல நூறு அடி-பவுண்டு இருப்பது சாதாரணம். நான்கடி நீளக் குழாயின் நுனியில் நூறு பவுண்டு எடை தொங்கினால் 400 அடி-பவுண்டு என்பதைக் கொண்டு, சாதாரண ஸ்பானரின் சாமர்த்தியம் எவ்வளவு என்று வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். பூட்டுப்பின்னின் துளை நேர்ப்படவில்லையென்றால் நட்டைப் பின்னுக்குத் தளர்த்தக் கூடாது, முன்னுக்கே நகர்த்த வேண்டும். பின் எப்போதும் புதியதாயிருக்க வேண்டும். சில மணி நேரம் ஓடியபின் மறுபடி முறுக்கிப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் கூம்பு இன்னும் சற்று உட்கார்ந்திருக்கும்.

ஹப் ஏன் தளர்கிறது என்று கேட்காமல் மாற்றுவது பாதி வேலைதான். கட்டையில் மோதும்போது வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய ஸ்லிப் கிளட்ச், நம் ஊர் மழையில் நனைந்து நனைந்து துருவேறி இறுகிவிட்டிருக்கும். ஷியர் போல்ட் உள்ள இயந்திரத்தில் அடிக்கடி அறுகிறதே என்று எவரோ கடினமான போல்ட்டைப் போட்டிருப்பார். அப்போது ஒவ்வொரு மோதலும் நேரே ஹப்பின் பற்களில் வந்து விழுகிறது. ஒரு கத்தி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றும் கருமித்தனமும் இதே நாசத்தைச் செய்யும். எடை ஒத்த ஜோடியாக மாற்றாவிட்டால் அந்த அதிர்வே ஹப்பை உலுக்கிக்கொண்டிருக்கும்.

பழைய ஸ்லேஷரை விலை பேசப் போகிறவர்கள், பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அடியில் நட்டைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என்ன விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.