உங்களுக்குத் தெரியுமா? கடைசிப் பல்லும் முன்பல் வேரும்

◆ யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு முதற்பல் முளைத்தால் வீட்டில் பல்லுக்கொழுக்கட்டை அவியும். அரிசிமாவுக்குள் பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்து மடித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைச் சின்னச் சின்னப் பல்லாகச் சீவிக் குத்திவிடுவார்கள். பிள்ளையின் தலைக்கு மேல் வெள்ளைத்துணி பிடித்து, அதன்மேல் கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். கடைசியாக வரும் ஞானப்பல்லுக்கு எந்தச் சடங்கும் இல்லை. 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் பின்முரசு வீங்கி, வாய் திறக்க முடியாமல், கராம்பைக் கடித்துக்கொண்டு பல்லுக்கொதியோடு இருக்கும்போதுதான் அப்படியொரு பல் இருப்பதே நினைவுக்கு வரும்.

◆ அந்தக் கொதி வராமலே போகிறவர்களும் ஏராளம். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015 இல் வெளியான கணக்கின்படி, உலகில் ஏறத்தாழ 100 பேரில் 23 பேருக்கு நாலு ஞானப்பற்களில் ஒன்றாவது உருவாகாமலே போகிறது. பெண்களில் இது சற்றுக் கூடுதல். கீழ்த்தாடையைவிட மேல்தாடையில் கூடுதல்.

◆ ஞானப்பல் உருவாகாதது, மென்மையான சாப்பாட்டுக்குப் பழகியதால் வந்த புதுக்குறை என்று பலரும் சொல்வார்கள். ஆனால் சீனாவின் லன்டியன் பகுதியில் 1963 இல் கிடைத்த ஆதிமனிதத் தாடை பல இலட்சம் ஆண்டு பழையது. அதிலும் ஞானப்பற்கள் இல்லை!

◆ முன்பல்லுக்கும் ஞானப்பல்லுக்கும் என்ன தொடர்பு? மேல் நடுப்பல்லில் வெளியே தெரிவது 10 மில்லிமீற்றரை ஒட்டிய உயரம். எலும்புக்குள் இருக்கும் வேர் அதைவிட நீளம், சுமார் 13 மில்லிமீற்றர். அந்த வேர் வளர்ந்து முடிவது ஏறத்தாழ 10 வயதில். ஞானப்பல்லின் முளை தாடைக்குள் இறுகத் தொடங்குவதும் அதே காலத்தில்தான். பல் முளைவிடுவதையும் வேர் இறங்குவதையும் நடத்தும் மரபணுக்களில் சில இரண்டுக்கும் பொது. அதனால் பிறவியிலேயே சில பற்கள் இல்லாதவர்களுக்கு, இருக்கும் பற்களின் வேரும் கட்டையாக அமைவது உண்டு. மேல் முன்பற்களின் வேர் இப்படிக் குறுகி நிற்பதை 1972 இல் சுவீடனில் லிண்ட் என்பவர் தனிக் குறைபாடாக விவரித்தார். ஞானப்பல் இல்லாதவர்களின் முன்பல் வேரை ஆய்வாளர்கள் அளந்து பார்ப்பது இந்தத் தடத்தைப் பிடித்துத்தான்.

◆ பாக்ஸ்9 என்ற மரபணுவில் பிழை இருந்தால் கடைவாய்ப்பற்கள் தலைமுறை தலைமுறையாக வராமல் போகலாம் என்பது 2000 இல் ஒரு அமெரிக்கக் குடும்பத்தை ஆராய்ந்தபோது தெரிந்தது.

   

◆ வேர் கட்டை என்றால் பல் உடனே ஆடிவிடாது, பயம் வேண்டாம். கவனம் தேவைப்படுவது பல்லுக்குக் கம்பி போடும்போது. கம்பி இழுக்கும்போது வேரின் நுனி கொஞ்சம் கரைவது வழக்கம். 13 மில்லிமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் போனால் பெரிதில்லை, 9 மில்லிமீற்றரில் போனால் பெரிது. வேர் கட்டை என்று முன்கூட்டியே தெரிந்தால் இழுவிசையைக் குறைக்கலாம், ஆறு மாதமளவில் மறுபடி எக்ஸ்றே எடுத்துப் பார்க்கலாம். ஆகவே தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்றே எடுத்தால் கோணல் பல்லை மட்டும் பார்த்துவிட்டு உறைக்குள் வைக்காதீர்கள். "ஞானப்பல் முளை நாலும் இருக்கோ, முன்பல் வேர் எப்பிடி?" என்று டொக்டரிடம் கேளுங்கள்.

◆ ஒன்பது வயதில் எடுத்த எக்ஸ்றேயில் ஞானப்பல் முளை தெரியவில்லை என்றால் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சில பிள்ளைகளுக்கு அது 13, 14 வயதில்தான் படத்தில் தெரியத் தொடங்கும்.