எடை தாங்குவது விளிம்பு

இட்லிக் குண்டானின் உட்புறம், பாதி உயரத்தில், சுற்றிலும் ஒரு விளிம்பு இருக்கும். தட்டு அதன்மேல்தான் உட்காரும். மாவின் எடை முழுவதையும் தாங்குவது அந்த விளிம்புதான். தட்டிலிருக்கும் கைப்பிடி தூக்கவும் இறக்கவும் மட்டுமே. குண்டான் அகலமாக இருந்து தட்டு அதற்குச் சிறியதாகப் போனால், ஒரு பக்கம் சரிந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். கைப்பிடியை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அந்தச் சரிவு நேராகாது. குழியின் ஆழம் வேறு கணக்கு. விளிம்பு கச்சிதமாகப் பொருந்தியிருந்தாலும் குழி ஆழம் போதாவிட்டால் மாவு ஓரத்தில் வழியும்.

பிராவும் இந்த மூன்று பாகங்களைக் கொண்டுதான் வேலை செய்கிறது. மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி ஓடும் பட்டைதான் விளிம்பு. கப் என்பது குழி. தோளில் போகும் ஸ்ட்ராப் கைப்பிடி. பட்டை சரியான இறுக்கத்தில் இருந்தால் மார்பின் எடையில் பெரும்பங்கை அதுவே ஏற்றுக்கொள்ளும். தோளுக்கு வேலை கொஞ்சம்தான். பட்டை தளர்ந்தால் அந்த எடை முழுக்கத் தோளுக்கு மாறுகிறது. மாலையில் வீடு திரும்பி ஜாக்கெட்டைக் கழற்றும்போது இரண்டு தோளிலும் சிவந்த பள்ளம் தெரிகிறதே, அது ஸ்ட்ராப்பின் குற்றம் இல்லை. பட்டை செய்யாத வேலையை ஸ்ட்ராப் செய்ததால் வந்தது.

இந்தத் தொல்லை அதிகம் படுவது ஒடிசலான உடம்பும் நிறைந்த மார்பும் உள்ள பெண்கள். வேப்பம்பட்டிலிருந்தும் செவ்வாப்பேட்டையிலிருந்தும் காலை மின்சார ரயிலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களில் இப்படிப்பட்ட உடல்வாகு கொண்டவர்கள் நிறைய உண்டு. ஷிப்ட் முழுக்க நின்றோ, தையல் மெஷின் முன் குனிந்தோ வேலை. கழுத்து வலி, தோள் வலி என்றால் வேலையின்மேல் பழி போடுகிறோம். பாதி நியாயம்தான். மீதிப் பாதியைப் பட்டையில் தேடிப் பார்க்க வேண்டும்.

கடையில் நடப்பதைப் பாருங்கள். "அண்ணா, 32 ஒண்ணு குடுங்க." "32 டைட்டா இருக்குன்னா 34 எடுத்துக்கோம்மா." அவ்வளவுதான் பேச்சு. கப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம், சொல்லவும் கூச்சம். அந்த 32 இறுக்கியது பட்டையிலா கப்பிலா என்று தெரியாமலே 34 பைக்குள் போய்விடுகிறது. குழி ஆழம் போதாததற்கு அகலமான குண்டானை வாங்கிக்கொண்டு போவது மாதிரி ஆகிவிடுகிறது கதை.

இன்ச் டேப்பை எடுத்து அளந்தால் விஷயம் விளங்கும். மார்புக்குக் கீழே, மூச்சை வெளியே விட்டு, டேப்பைத் தரைக்கு இணையாக வைத்து, இறுக்கமாகச் சுற்றி ஓர் அளவு. இதைக் கீழ்ச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். மார்பின் நிறைவான இடத்தில், அழுத்தாமல், ஓர் அளவு. இது மேல் சுற்று. மேல் சுற்றை நிமிர்ந்து நின்று ஒரு முறையும், இடுப்பை மடக்கி முன்னால் குனிந்து ஒரு முறையும் எடுத்து நடுவாக வைத்துக்கொள்வது நல்லது. நிறைந்த மார்பு நிற்கும்போது கீழே சாய்வதால் நிமிர்ந்து எடுத்த அளவு குறைத்துக் காட்டும்.

ஒரு பெண்ணுக்குக் கீழ்ச் சுற்று 28 அங்குலம், மேல் சுற்று 34 என்று வைப்போம். வித்தியாசம் 6. பிரிட்டிஷ் அளவு முறையில் வித்தியாசம் ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி, ஐந்து டபுள் டி, ஆறு இ. ஆக இவருடைய அளவு 28 இ. நம் கடைகளிலும் பல அளவு அட்டவணைகளிலும் உள்ள பழைய கணக்கு வேறு. அது கீழ்ச் சுற்றோடு 4 அங்குலத்தைக் கூட்டும். 28-உம் 4-உம் 32. மேல் சுற்று 34-இல் 32 போக மிச்சம் 2. எனவே 32 பி. ஒரே உடம்பு, ஒரே டேப், இரண்டு விடை.

இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்ப்போம். பட்டையை ஓர் அளவு, அதாவது 2 அங்குலம், கூட்டினால் கப்பின் எழுத்தை ஒன்று குறைக்க வேண்டும். அப்போதுதான் கப்பின் கொள்ளளவு மாறாமல் இருக்கும். 28 இ, 30 டபுள் டி, 32 டி, 34 சி நான்கிலும் கப்பின் கொள்ளளவு ஒன்றே. அந்த வரிசையில் 32-க்கு நேரே நிற்பது டி. பழைய கணக்கு கொடுத்தது பி. பட்டை 4 அங்குலம் தளர்ச்சி, கப் இரண்டு படி சிறிது. 34 பி வாங்கினால் கப் ஒரு படிதான் சிறிது, பட்டையோ 6 அங்குலம் தளர்ச்சி. முதுகில் பட்டை மேலே ஏறும், முன்னால் மார்பு கீழே இறங்கும். இறங்கிய மார்பைத் தூக்க ஸ்ட்ராப்பைச் சுருக்குவார், அது பட்டையை இன்னும் மேலே ஏற்றும்.

டி, இ என்றதும் பெரிய மார்பு என்று எண்ணிக் கூசுகிறவர்கள் உண்டு. அந்த எழுத்து தனியாக ஒன்றையும் சொல்லாது. 28 டி-யின் கப்பும் 32 பி-யின் கப்பும் ஒரே கொள்ளளவு. 38 டி அதைவிட மிகப் பெரியது. இந்தக் கூச்சத்துக்கு வரலாற்றில் ஒரு வேர் இருக்கிறது. 1932-இல் எஸ்.எச்.கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் முதன்முதலில் கப்புக்கு எழுத்துகள் வைத்தபோது ஏ முதல் டி வரை நான்கு மட்டுமே. டி கடைசி எழுத்து. ஆகவே மிகப் பெரியது என்ற எண்ணம் அப்படியே நின்றுவிட்டது. 4 அங்குலம் கூட்டும் கணக்கும் பழையது. துணியில் நீட்சி இல்லாத நாட்களில் மூச்சு விட இடம் வேண்டுமே, அதற்கு அந்தக் கூட்டல் உதவியிருக்கும். 1958-இல் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் நூலைக் கண்டுபிடித்தார். இன்றைக்குப் பட்டை தானாகவே நீள்கிறது. அதற்குமேல் 4 அங்குலம் கூட்டுவது ஒடிசலான பெண்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன். 40 அங்குலத்தில் 4 பத்தில் ஒரு பங்கு. 28-இல் ஏழில் ஒரு பங்கு.

இவ்வளவு எளிய கணக்கு என்றால் கடையில் ஏன் 28 இ இல்லை? சரக்கு வைப்பதில் இருக்கிறது பதில். 32 முதல் 40 வரை ஐந்து பட்டை, பி, சி என்று இரண்டு கப் வைத்தால் ஒரு மாடலுக்கு 10 உருப்படி. 28 முதல் 40 வரை ஏழு பட்டை, பி முதல் ஜி வரை எட்டு கப் வைத்தால் 56. மூன்று நிறம் என்றால் 168. ஸ்டேஷன் ரோட்டில் பத்தடிக்குப் பத்தடி பேன்சி ஸ்டோர் நடத்துகிறவரால் அது முடியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அலமாரியில் இல்லாத அளவு உலகத்திலேயே இல்லை என்று நினைத்து நம் உடம்பைக் குறை சொல்லிக்கொள்கிறோமே, அதுதான் வருத்தம்.

சென்னையில் இதைத் தையல்காரரின் கண்ணால் பார்த்தவர்கள் முன்பே இருந்தார்கள். 1939-இல் எம்.ஜி.நாயுடு தொடங்கிய நாயுடு ஹால், நம் ஊர்ப் பெண்களுக்குக் காட்டன் பாடி தைத்துக் கொடுத்தே பெயர் வாங்கிய கடை. இன்றும் உங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா கீழ்ச் சுற்று, மேல் சுற்று, தோளிலிருந்து டாட் பாயிண்ட் வரை என்று தனித்தனியாக அளந்து நோட்டில் எழுதுகிறார். கட்டோரி கட்டோ, நாலு டாட்டோ, அவருக்குச் சுற்றளவும் ஆழமும் வெவ்வேறு என்பது கைப்பழக்கம். பிரா வாங்கப் போகும் முன் அவரிடமே, "அக்கா, கீழே மட்டும் லூசு விடாம டைட்டா அளந்து சொல்லுங்க" என்று கேட்கலாம். கடைக்காரரிடம் சொல்லக் கூசுவதை அவரிடம் சொல்லக் கூச வேண்டியதில்லை.

போட்டுப் பார்க்கும் முறையும் ஒன்று இருக்கிறது. முதலில் பிராவைத் திருப்பி, கப் முதுகுப் பக்கம் வரும்படி மாட்டுங்கள். இப்போது மார்பு குறுக்கே இல்லை, பட்டையின் இறுக்கம் மட்டும் தெரியும். இரண்டு விரல் நுழைந்து, அதற்குமேல் இழுக்க வராவிட்டால் பட்டை சரி. நேராகப் போடும்போது மட்டும் மூச்சு முட்டினால் பட்டையைப் பெரிதாக்கக் கூடாது, கப்பைப் பெரிதாக்க வேண்டும். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், சரியாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் நாளடைவில் நீளும்போது உள் வரிசைகளுக்கு மாறிக்கொள்ளத்தான் மற்ற கொக்கிகள்.

மாட்டியபின் கொஞ்சம் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கியதைக் கையால் அள்ளிக் கப்புக்குள் சேர்க்க வேண்டும். வருடக்கணக்கில் சிறிய கப் போட்டவர்களுக்கு மார்பு பக்கவாட்டில் பிதுங்கி அக்குள் சதை போலத் தெரியும். அள்ளிச் சேர்த்தபின் மேல் ஓரத்தில் வழிந்து இரட்டை மேடு தெரிந்தால் கப் இன்னும் ஒரு படி பெரிதாக வேண்டும். இரண்டு கப்புக்கும் நடுவிலுள்ள துண்டு நெஞ்செலும்பைத் தொட்டு உட்காருகிறதா என்று பாருங்கள். கம்பி வைத்த பிராவில் அது தொடாமல் அந்தரத்தில் நின்றால் கப் போதவில்லை. கம்பியின் பக்க முனை மார்பின்மேல் ஏறிக் குத்தினாலும் அதே காரணம். கம்பி மார்பைச் சுற்றி விலாவில் உட்கார வேண்டியது. கம்பி போட்டால் புற்றுநோய் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: 2014-இல் சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வில் பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. குத்துகிறது என்றால் அளவு தப்பு, அவ்வளவே.

ரயிலைப் பிடிக்க ஓடும்போது ஸ்ட்ராப்பை மட்டும் இறுக்கிப் பயன் கிடைக்காததற்கும் காரணம் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் ஜோனா ஸ்கர் குழுவினர் ஓடும் பெண்களை ஆராய்ந்தார்கள். மார்பு மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் சேர்ந்து எட்டு வடிவத்தில் அசைகிறது. ஸ்ட்ராப் மேல்நோக்கி மட்டுமே இழுக்கும். மற்றத் திசைகளைப் பிடிப்பது பட்டையும் ஆழமான கப்பும்.

28 இ நம் ஊர்க் கடையில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் பனாஷ், ஃப்ரேயா போன்ற பிராண்டுகள் 28-லிருந்து தைக்கின்றன. விலை நம் பெண்களின் மாதச் சம்பளத்தில் பெரிய பள்ளம் போடும். கைக்கு எட்டுகிற வழி, கொள்ளளவு மாறாமல் மேலே வருவது. 30 டபுள் டி கிடைத்தால் விடாதீர்கள். இணையத்தில் வாங்குவதென்றால் அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையில் எழுத்துப் பெயரை விட்டுவிட்டு அங்குலத்தைப் பாருங்கள். மாற்றிக் கொடுப்பார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாவிட்டால் 32 டி. பட்டை தளரும், கம்பியும் உங்கள் விலாவுக்குக் கொஞ்சம் அகலமாக இருக்கும், ஸ்ட்ராப் தோளிலிருந்து நழுவும். இதில் முக்கால்வாசியைத் தையலில் சரிசெய்யலாம். கொக்கிப் பட்டியையும் எதிர்ப்பக்கத்து வளையப் பட்டியையும் பிரித்து, பட்டையை இரண்டு பக்கமும் சமமாக, பக்கத்துக்கு ஓர் அங்குலம் வரை, வெட்டி மறுபடி பொருத்தச் சொல்லுங்கள். பின்பக்கம் இரண்டு ஸ்ட்ராப்பும் நெருங்கி வருவதால் நழுவலும் குறையும். ஜிக்ஜாக் தையல்தான் போட வேண்டும். நேர்த்தையல் போட்டால் பட்டை நீளும்போது நூல் அறுந்துவிடும். இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைத்தால் கம்பி விரிந்து கப் கோணலாகிவிடும், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் கப்பின் உட்புறம் காட்டன் இருப்பது நல்லது. நிறைந்த மார்புக்குக் கீழே ஈரம் தங்கினால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரும். மார்பைத் தூக்கிப் பிடிக்கிற பிரா அங்கே தோலோடு தோல் உரசாமல் பார்த்துக்கொள்ளும். பிரஷ் போட்டுத் தேய்ப்பது, வெந்நீரில் ஊறவைப்பது, முறுக்கிப் பிழிவது, உச்சி வெயிலில் காயப்போடுவது எல்லாம் எலாஸ்டிக்கைக் கொல்லும். ஒன்றையே தினமும் போடாமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் நீண்ட எலாஸ்டிக் மறுபடி சுருங்க நேரம் கிடைக்கும். மிக இறுக்கமான கொக்கி வரிசையில் மாட்டியும் பட்டை முதுகில் ஏறினால் அந்த பிரா தன் வேலையை முடித்துவிட்டது. புதிது வாங்கும் முன் டேப்பை மறுபடி சுற்றிப் பாருங்கள். பிரசவம், பால் கொடுத்து நிறுத்துவது, உடல் எடை கூடிக் குறைவது எல்லாமே அளவை மாற்றும். ஒன்பதாவது பத்தாவது படிக்கும் மகளுக்கு ஆறு மாதத்திலேயே மாறிப்போகலாம். போன வருடத்து நம்பரைச் சொல்லி அவளுக்கு வாங்காதீர்கள்.