சைக்கிளில் 4 ஸ்ட்ரோக் எஞ்சின் கிட்: பொருத்துவது எப்படி, சோதிப்பது எப்படி, சாலையில் ஓட்டலாமா?

பழைய சைக்கிள், நடுவில் ஒரு குட்டி எஞ்சின், கயிறை ஒரு இழு இழுத்ததும் 'பட பட' சத்தம். இப்படி ஒரு வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்ததும் வரும் முதல் கேள்வி "அண்ணே, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்பதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்தச் சைக்கிள் நிற்குமா? நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா?

ஆன்லைனில் எஞ்சின் கிட் தனியாகவே கிடைக்கிறது. எஞ்சின், செயின், பல்சக்கரம், பெட்ரோல் டேங்க், ஆக்சிலேட்டர், கேபிள்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். கையில் நாலு ஸ்பேனர் இருந்தால் ஒரு நாளில் மாட்டிவிடலாம் என்கிறார்கள். மாட்டிவிடலாம்தான். அதற்குள் என்னென்ன சிக்கல் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

2 ஸ்ட்ரோக், 4 ஸ்ட்ரோக்: என்ன வித்தியாசம்?

காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது, அழுத்தப்படுவது, எரிந்து தள்ளுவது, புகை வெளியேறுவது. இந்த நான்கு வேலைக்கும் பிஸ்டன் நான்கு முறை மேலும் கீழும் போனால் அது 4 ஸ்ட்ரோக். இரண்டே நகர்வில் முடித்துவிட்டால் 2 ஸ்ட்ரோக்.

பயன்படுத்துபவருக்குத் தெரியும் வித்தியாசம் ஆயிலில்தான். 2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், புகையும் அதிகம். 4 ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக எஞ்சினின் அடியில் இருக்கும். புகை குறைவு, சத்தமும் குறைவு. பதிலுக்கு எடையும் அகலமும் கூடும். இந்த அகலம் பின்னால் தொல்லை கொடுக்கும்.

இது புதுசு இல்லை

சைக்கிளில் எஞ்சின் மாட்டுவது யூடியூப் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் தவறு. இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரத்தில் இத்தாலியின் டூரின் நகரில் இருந்த சியாட்டா நிறுவனம், சைக்கிளில் மாட்டுவதற்கென்றே 48 சிசி எஞ்சினை உருவாக்கியது. அதுவும் 4 ஸ்ட்ரோக். பெயர் 'குச்சோலோ'. இத்தாலிய மொழியில் நாய்க்குட்டி. அதன் சைலன்சர் சத்தம் நாய்க்குட்டி குரைப்பது போல இருந்ததாம். அந்த எஞ்சினைப் பெருமளவில் தயாரித்த நிறுவனம் எது தெரியுமா? டுகாட்டி. இன்று பல லட்சம் ரூபாய்க்கு ரேஸ் பைக் விற்கும் அதே டுகாட்டியின் இருசக்கர வாகனக் கதை இந்த நாய்க்குட்டியில்தான் தொடங்குகிறது.

ஜப்பானில் சோயிச்சிரோ ஹோண்டா 1946-ல் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த ஜெனரேட்டர் எஞ்சின்கள் மிச்சம் கிடந்தன. அவற்றை வாங்கி சைக்கிளில் மாட்டி விற்றார்.

நம் ஊரில் இந்த வேலையை மொபெட் எடுத்துக்கொண்டது. 1972-ல் லூனா, 1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50. பெடலும் உண்டு, எஞ்சினும் உண்டு. ஆனால் ஃபிரேம், சக்கரம், பிரேக் எல்லாமே எஞ்சினுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. கிட் மாட்டிய சைக்கிளில் இல்லாதது இதுதான்.

எஞ்சினை எங்கே உட்கார வைப்பது?

பாருக்குக் கீழே உள்ள முக்கோணம்தான் வழக்கமான இடம். எடை நடுவில் இருக்கும், சைக்கிள் ஒரு பக்கம் சாயாது. ஃபிரேம் குழாய்களில் இரும்புத் தகட்டை யூ-போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் எஞ்சினை வைப்பார்கள்.

இங்கே இரண்டு விஷயம். ஒன்று, மேலே சொன்ன அகலம். சாதாரண பெடல் கிராங்க் சுற்றும்போது எஞ்சினில் இடிக்கும். அதனால் பல கிட்களில் அகலமான கிராங்கையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அது இல்லாத கிட்டை வாங்கினால் பெடல் சுற்றாது.

இரண்டாவது, சாய்வு. இந்தச் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. அடியில் கிடக்கும் ஆயிலை உள்ளே சுற்றும் ஒரு சின்னத் துடுப்பு வாரி இறைக்கும். எஞ்சின் நேராக உட்கார்ந்தால்தான் அந்தத் துடுப்புக்கு ஆயில் எட்டும். சாய்த்து மாட்டினால் எட்டாது. புல்வெட்டும் மெஷினில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற சில எஞ்சின்கள் எந்தக் கோணத்திலும் ஓடும்படி செய்யப்பட்டவை. எல்லா எஞ்சினும் அப்படி இல்லை.

பின் சக்கரம்தான் உண்மையான பிரச்னை

எஞ்சின் மாட்டுவதை எல்லோரும் வீடியோவில் விரிவாகக் காட்டுவார்கள். பின் சக்கரத்தை வேகமாக ஓட்டிவிடுவார்கள். ஆபத்து இருப்பது அங்கேதான்.

சைக்கிளின் வலது பக்கம் ஏற்கெனவே பெடல் செயின் இருக்கிறது. அதனால் எஞ்சினின் செயின் இடது பக்கம் வரும். அந்தப் பக்கம் ஹப்பில் பல்சக்கரம் மாட்ட இடமே கிடையாது. எனவே கிட்டில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஸ்போக் கம்பிகளுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என ரப்பர் வளையம் வைத்து, 9 போல்ட் போட்டு, பல்சக்கரத்தை ஸ்போக்கோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்க வேண்டும்.

9 போல்ட் என்பது 36 ஸ்போக் உள்ள சக்கரத்துக்கான கணக்கு. போல்ட்டுக்கு 4 கம்பி. நம் ஊர் பழைய பெரிய சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்பதுதான் வழக்கம். 40-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள். போல்ட் போக வேண்டிய இடத்தில் கம்பி நிற்கும். அதை வளைத்தோ நெம்பியோ மாட்டினால் மாட்டிய அன்றே சக்கரம் பலவீனமாகிவிடும். கிட் வாங்கும் முன் பின் சக்கரத்துக் கம்பிகளை எண்ணிவிடுவது நல்லது. ஹப்பின் மேலேயே கவ்விப் பிடிக்கும் அடாப்டர்கள் தனியாக விற்கின்றன. ஸ்போக்குக்குச் சுமை போகாது என்பதால் அது மேல்.

எதைப் போட்டாலும் பல்சக்கரம் ஆடாமல் சுற்ற வேண்டும். சைக்கிள் கடையில் பெண்டு எடுப்பது போலவே, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஒரு குச்சியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, போல்ட்டுகளை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பொறுமைக்கு இங்கேதான் வேலை.

அடுத்து செயின் டென்ஷனர். செயின் தொய்வைச் சரிசெய்ய பின் ஃபிரேம் குழாயில் மாட்டும் சின்ன உருளை இது. ஒற்றைக் கவ்வியில் நிற்கும். அந்தக் கவ்வி தளர்ந்தால் செயின் இழுக்கும் இழுப்பில் அப்படியே உள்பக்கம் திரும்பி ஸ்போக்குக்குள் நுழைந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது பின் சக்கரம் பூட்டியது போல நின்றுவிடும். எஞ்சின் சைக்கிளில் இருந்து ஆள் தூக்கி எறியப்படுவதற்கு இது முக்கியமான காரணம். செயின் நீளத்தைச் சரியாக வெட்டி, எஞ்சின் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்குமாறு மாட்டினால் டென்ஷனருக்குப் பெரிய வேலை இருக்காது. கழலாத நைலான் நட், த்ரெட் லாக் பசை ரெண்டுமே இங்கே அவசியம்.

இடது பக்கச் செயினுக்கு மூடி இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. வேட்டி, லுங்கி, துப்பட்டா எது மாட்டினாலும் விடாது.

பிரேக்: கணக்கு என்ன சொல்கிறது?

எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது, எஞ்சினில் இருந்து பின் சக்கரம் வரை மொத்தம் 22-க்கு 1 என்று வேகம் குறைகிறது என வைத்துக்கொள்வோம். பின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 273 முறை சுற்றும். பெரிய சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். அப்படியானால் நிமிடத்துக்கு 600 மீட்டர், மணிக்கு 36 கி.மீ.

மிதித்துப் போகும் வேகம் 15 கி.மீ. என்றால், 36 என்பது ரெண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது கிட்டத்தட்ட 6 மடங்கு. பழைய சைக்கிளின் கம்பி பிரேக், இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டையை உரசி நிறுத்துவது. மழையில் நனைந்தால் அது எப்படிப் பிடிக்கும் என்று மிதித்த எல்லோருக்கும் தெரியும். முன்னாலும் பின்னாலும் நல்ல டிஸ்க் பிரேக்கோ, அலுமினிய ரிம்மில் வேலை செய்யும் நல்ல பிரேக்கோ இல்லாத சைக்கிளில் எஞ்சின் மாட்டுவது நியாயமே இல்லை.

சோதனை ஓட்டம்: வரிசை முக்கியம்

எஞ்சின் பெட்டியில் வரும்போது பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் வரும். இதைக் கவனிக்காமல் கயிறை இழுத்தவர்களின் எஞ்சின் சில நிமிடங்களில் முடிந்துபோகும். சைக்கிளை நேராக நிறுத்தி, கையேட்டில் சொன்ன ஆயிலை, சொன்ன அளவுக்கு ஊற்ற வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது போல தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சோதிக்கவே கூடாது. பெட்ரோல் ஒழுகும், ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். பின் சக்கரம் தரையில் படாதபடி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். மூடிய அறையில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் பாருங்கள். ஐடிலில் பின் சக்கரம் சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் வேகம் அதிகம், அல்லது கிளட்ச் ஒட்டுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் 'டக்' என்று திரும்ப வேண்டும். அடுத்து ஹேண்டில்பாரை இடதும் வலதும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வளைவில் திரும்பும்போது வண்டி தானாக வேகமெடுக்கும். கில் சுவிட்சையும் இரண்டு மூன்று முறை சோதித்துவிட வேண்டும்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், தலையில் ஐஎஸ்ஐ ஹெல்மெட்டோடு. பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, ஒவ்வொரு நட்டையும் திரும்ப இறுக்க வேண்டும். அதிர்வில் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சைலன்சர் காலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பெட்ரோல் குழாய் அதைத் தொடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புது எஞ்சினில் உலோகத் துகள் ஆயிலில் கலக்கும் என்பதால் முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. இந்திய பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20% வரை எத்தனால் கலந்தது. ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வகை சிறு எஞ்சின்களின் கையேடு 10% வரைதான் என்கிறது. மலிவான கிட்டில் வரும் ரப்பர் குழாய் எத்தனாலில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அவ்வப்போது வெடிப்பு விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

சாலையில் ஓட்டலாமா?

49 சிசி கிட் என்றால், முடியாது என்பதுதான் நேரடியான பதில்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(28), நான்குக்கும் குறைவான சக்கரமும் 25 சிசி-க்கு மிகாத எஞ்சினும் கொண்ட வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையில் சேர்க்கவில்லை. 25-ஐத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவெண், இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் வேண்டும். வீட்டில் செய்த வண்டிக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவெண் வாங்குவது நடைமுறையில் நடக்காத காரியம். ஒரு மாடல் வண்டி சாலைக்கு வர, அரசு அங்கீகரித்த சோதனை மையத்தின் ஒப்புதல் வேண்டும். சென்னையை அடுத்த ஒரகடத்தில் இருப்பது அப்படிப்பட்ட மையம்தான். ஒற்றை சைக்கிளுக்காக யாரும் அந்தச் செலவைச் செய்வதில்லை.

பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000 ரூபாய் அல்லது 3 மாதம் வரை சிறை.

ஆனால் பெரிய அடி அபராதத்தில் இல்லை. யார் மீதாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு இழப்பீட்டை ஓட்டியவரும் உரிமையாளருமே சொந்தப் பணத்தில் கட்ட வேண்டியிருக்கும். இந்தச் சைக்கிளை ஆசைப்பட்டுச் செய்வது பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள். 50 சிசி-க்கு மிகாத வண்டியை 16 வயதில் ஓட்டலாம் என்ற சலுகையும் லைசென்ஸ் எடுத்தவர்களுக்குத்தான். 18 வயது நிரம்பாத பிள்ளை குற்றம் செய்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். "பையன் என்னமோ செய்யுறான்" என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்போ வேறு வழி?

சொந்தத் தோட்டத்திலோ தனியார் இடத்திலோ செய்து பார்ப்பவர்களுக்கு மேலே சொன்னவை போதும். சாலையில்தான் போக வேண்டும் என்றால் 25 சிசி-க்குள் நிற்கும் எஞ்சின் ஒரு வழி. எஞ்சினின் மேல் சிசி தெளிவாகப் பொறிக்கப்பட்டிருப்பதும், பில் கையில் இருப்பதும் நல்லது. நடுரோட்டில் போலீஸ்காரரிடம் பிரிவு 2(28)-ஐ விளக்கும் பொறுமையும் வேண்டும்.

மற்றொரு வழி மின்சார சைக்கிள். மோட்டாரின் 30 நிமிட திறன் 250 வாட்டுக்கும் குறைவு, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவு என்று சோதனை மையம் சான்று கொடுத்த மாடலுக்குப் பதிவெண்ணும் லைசென்ஸும் தேவையில்லை. பழைய சைக்கிளில் மின்சார கிட்டை வாங்கி மாட்டினால் இந்தச் சான்று தானாக வந்துவிடாது. பல கிட்களின் வேகக் கட்டுப்பாட்டை ஒரு வயரைக் கழற்றியே எடுத்துவிடலாம். எடுத்த நிமிடத்தில் அந்தச் சைக்கிளும் பதிவு இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும்.