பிறந்த தேதி தெரியாதவருக்குப் பல் எப்படி வயது சொல்கிறது?

திருவண்ணாமலை பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஒரு சிறுவன் தனியாக நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் யாரென்று தெரியவில்லை, சான்றிதழும் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94ஆவது பிரிவு, பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ கிடைக்காதபோதுதான் மருத்துவச் சோதனைக்கு இடம் தருகிறது. அப்போது எலும்போடு பல்லும் சாட்சி சொல்லும்.

ஏன் பல்? சாப்பாடு குறைந்தால் உயரமும் எடையும் பின்தங்கிவிடும். பல்லின் வளர்ச்சி அவ்வளவு எளிதில் தடுமாறாது. ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளின் வயதை உயரத்தைவிடப் பல்லே சரியாகக் காட்டும் என்று இங்கிலாந்தின் பல் மருத்துவர் எட்வின் சாண்டர்ஸ் 1837லேயே எழுதினார்.

பல் முளைத்த பின்னும் வேர் இரண்டு மூன்று ஆண்டுகள் வளரும். அதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். 1973இல் டெமிர்ஜியன் என்ற ஆய்வாளரின் குழு, கீழ்த்தாடையின் இடப்பக்க ஏழு பற்களின் வளர்ச்சியை எட்டு நிலைகளாகப் பிரித்து மதிப்பெண் தந்தது. கனடாவின் பிரெஞ்சுக் குழந்தைகளை வைத்துச் செய்த கணக்கு; நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. இந்தியர்களுக்கெனத் தனிச் சூத்திரங்கள் பின்னர் வந்தன.

பதினாறுக்கு மேல் ஞானப்பல்தான் மிச்சம். அது ஆளுக்கு ஆள் மாறும்.

அடையாளம் தெரியாமல் இறந்த முதியவர் என்றால் வளர்ச்சியைப் பார்க்க முடியாது, மூப்பைத்தான் பார்க்க வேண்டும். பல்லுக்குள் இருக்கும் கூழறை சுருங்கும். வேர்நுனி ஒளி ஊடுருவும்படி தெளியும். தேய்மானத்தை மட்டும் நம்பினால் பாக்கு மெல்பவருக்கு வயது கூடிவிடும்!

ஆகவே, வயதை ஒற்றை எண்ணாகச் சொல்லும் அறிக்கையைச் சந்தேகப்படுங்கள். முன்பின் எத்தனை ஆண்டு என்று சேர்த்துச் சொல்வதே நேர்மையான அறிக்கை.