குரலுக்கு உரியவர்

கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் என்று சென்னையின் மேற்கே ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் பேட்டைகளில், வெளியிலிருந்து பார்ப்பவர்க்குச் சாதாரணக் குடித்தன வீடுகளாகவே தோன்றும் கட்டடங்களின் மாடிகளில், சுவர் முழுவதும் பஞ்சுப் பலகை பதித்து, கனத்த இரட்டைக் கதவு பொருத்தி, தெருவின் ஆரவாரம் இம்மியும் உள்ளே நுழையாதபடி அடைக்கப்பட்ட சிற்றறைகள் பல இருக்கின்றன. வட இந்திய நடிகையின் வாயிலிருந்து புறப்படும் பிசிறில்லாத தமிழும், மொழிமாற்றுத் தொடரில் மருமகளைக் கரித்துக் கொட்டும் மாமியாரின் ஆங்காரமும், நகைக்கடை விளம்பரத்தின் குழைவும், வங்கிக்குத் தொலைபேசினால் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று சலிக்காமல் சொல்லும் பெண்மணியின் பொறுமையும் இப்படிப்பட்ட அறைகளில் ஜனித்தவையே. கேட்கிறவர்கள் லட்சோபலட்சம் பேர். பேசினவர் இன்னார் என்று அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தமிழில் இந்தத் தொழில் நேற்று முளைத்ததன்று. ஏ.கே. செட்டியார் கண்டம் கண்டமாக அலைந்து திரட்டிய படச்சுருள்களைக் கொண்டு உருவாக்கிய மகாத்மா காந்தி ஆவணப்படம் 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு திரைக்கு வந்தது. ஏவி. மெய்யப்பச் செட்டியார், கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க்குரல் கொடுத்து 1944-இல் வெளியிட்டார். இந்தியாவில் மொழிமாற்றம் செய்யப்பட்ட முதற்படம் என்று சினிமா சரித்திரத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. வானொலியோ சென்னையில் 1938-இலும் திருச்சியில் 1939-இலும் நிலையம் அமைத்து, முகம் தெரியாத மனிதர்களைக் குடும்பத்து மனிதர்களாக்கி வைத்தது. சுதந்திரம் வந்த செய்தியைத் தில்லியிலிருந்து தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதனைப் பிற்காலத்தில் சினிமாவில் பார்த்தவர்கள், முகத்தைவிட முன்னதாகக் குரலைத்தான் அடையாளம் கண்டிருப்பார்கள். சரோஜ் நாராயணசுவாமி பெயரைச் சொல்லிச் செய்தியை ஆரம்பித்தவுடன் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்ட வீடுகள் அநேகம். வானொலிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இருந்தது: பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்கள். சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் குரல் கொடுத்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

நல்ல சாரீரம் இருந்துவிட்டால் இத்தொழிலில் நுழைந்துவிடலாம் என்பது பலருடைய அபிப்பிராயம். கம்பீரமான குரல் படைத்தவர்கள் மைக்கின் முன் நின்ற மாத்திரத்தில் தடுமாறிப் போவதையும், சாதாரணமாகப் பேசும்போது நம் கவனத்தைச் சற்றும் கவராத ஒருவர் அங்கே ராஜாவாகவும் ராட்சசனாகவும் மாறிவிடுவதையும் கண்ட பிறகு, அந்த அபிப்பிராயம் நிலைப்பதில்லை. இங்கே வேண்டியது முதலில் சுவாசத்தின் மேல் ஆதிக்கம். அடுத்து, பிறருடைய உதட்டைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே தாளைப் படிக்கும் அப்பியாசம். அதற்கும் அடுத்தபடியாகத்தான் குரல்.

படச்சுருள் இருந்த காலத்தில், பேச வேண்டிய காட்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டி, வளையமாக்கி ஓட்டுவார்கள். அதற்கு லூப் என்று பெயர். ஒரே துண்டு திரையில் திரும்பத் திரும்ப வர, அதில் பேசும் நாலு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ஒத்திகை பார்த்துப் பேசுவார்கள். மூவர் குறைவறப் பேசி, நாலாமவர் கடைசிச் சொல்லில் நாக்குப் பிறழ்ந்தால், நால்வரும் முதலிலிருந்து பேச வேண்டியதுதான். கம்ப்யூட்டர் வந்தபின் அந்தச் சிரமம் ஒழிந்தது. அவரவர் வந்து அவரவர் பங்கைத் தனித்தனியே பேசிவிட்டுப் போகிறார்கள். சௌகரியம் பெரிதுதான், சந்தேகமில்லை. ஆனால் எதிரே ஆளின்றிச் சண்டை போடுவதும், எதிரே ஆளின்றிக் காதல் மொழி பேசுவதும் முன்னையதைவிடக் கடினமான வித்தை என்பதையும், பழைய மொழிமாற்றுப் படங்களில் வாக்குவாதக் காட்சிகள் சூடேறிக் கேட்டதற்கு அந்த ஒற்றை மைக்கும் ஒரு காரணம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பிற்பகல் அத்தகைய அறையொன்றில் உட்கார்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. நாற்பதைக் கடந்த ஓர் அம்மையார், கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டு, பருத்திப் புடவையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு (சரசரக்கும் பட்டை உடுத்திக்கொண்டு விஷயம் தெரிந்த எவரும் இங்கே வருவதில்லை), வெந்நீர் பிளாஸ்க்கைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு மைக்கின் முன் நின்றார். திரையில் இருபது வயதுப் பெண்ணொருத்தி தந்தையின் சடலத்தின்மீது விழுந்து, தலையை மோதிக்கொண்டு கதறுகிறாள். அவள் புரளலாம், இவரோ மைக்கிலிருந்து அரைச் சாண் விலகவும் கூடாது. இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கழுத்து நரம்புகள் புடைக்க, மெய்யாகவே கண்ணீர் வழிய, அழுது முடித்தார். கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவு இளைஞர் பொத்தானை அழுத்தி, "அழுகை பிரமாதம்க்கா. கடைசி 'அப்பா' மட்டும் சிங்க் முன்னாடி போயிடுச்சு, அத எடுத்துக்கலாமா?" என்றார். "எடுத்துக்கலாம் தம்பி, அந்த மூச்சுலேர்ந்தே ஓட்டு" என்ற அம்மையார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, ஒரு மிடறு வெந்நீர் பருகி, அதே துக்கத்தை அதே சுருதியில் அந்த ஒரு சொல்லுக்காக மறுபடி வரவழைத்தார். அதற்கடுத்த காட்சியில் அதே பெண் தோழிகளோடு சிரித்துக்கொண்டு வந்தாள். அதற்கும் ஈடு கொடுத்தார். சண்டைக் காட்சியின் கூக்குரல்களை மாத்திரம் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். தொண்டை கட்டிவிட்டால் மற்ற வசனம் நின்றுவிடுமல்லவா?

உதட்டுக்கு வசனம் எழுதுவது தனிச் சாமர்த்தியம். ப, ம என்னும் எழுத்துகளுக்கு உதடுகள் கூடியே தீரும்; க, த, ல முதலியவற்றுக்குக் கூடா. இந்தி நடிகர் 'ப்யார்' என்று உதடு மூடித் திறக்கும் இடத்தில் 'காதல்' என்று எழுதினால் அர்த்தம் சரியாக இருக்கும், வாய் பொருந்தாது. 'பிரியம்' என்று எழுதினால் முதலெழுத்தில் வாய் பொருந்திவிடும், பேச்சு கொஞ்சம் பழசாகத் தொனிக்கும். மொழிமாற்றுப் படங்களின் வசனத்தைக் கேட்டுப் பரிகசிப்பவர்கள் இந்த இக்கட்டையும் நினைத்துப் பார்ப்பது நியாயம். விளம்பரத்தின் இக்கட்டு வேறு: பம்பாயில் எழுதி அனுப்பிய வாசகத்தின் தமிழ் வடிவம் ஒன்றரை மடங்கு நீண்டுவிடும், முப்பது விநாடியோ நீளாது. அவசரம் தெரியாமல் அவசரமாகப் பேசுகிறவருக்கே அங்கே மறுபடி அழைப்பு வரும்.

இரவல் குரலின் பெருமைக்குப் பெயர் தெரிந்த உதாரணங்களே போதும். கதாநாயகராக நிலைபெறும் முன்பு விக்ரம், 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தார். 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்காகப் பேசியவர் நடிகை ரோகிணி. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் தபுவுக்காகப் பேசியவர் நடிகை ரேவதி. கமல்ஹாசன் படங்கள் பலவற்றின் தெலுங்கு வடிவத்தில் கேட்பது எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல். சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் சவிதா ரெட்டியும், 'ராஜா ராணி' தொடங்கி நயன்தாராவுக்குத் தீபா வெங்கட்டும் கொடுத்த குரல்களை நீக்கிவிட்டால், அந்தப் பாத்திரங்களில் எவ்வளவு மிஞ்சும் என்பதை ரசிகர்களே சொல்லட்டும். தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கும் இடம் இருக்கிறது. எனினும் ஊதியம் பெரும்பாலும் ஒருமுறை கொடுத்துத் தீர்ப்பதே. விளம்பரம் வருஷக் கணக்கில் ஓடினாலும் பேசியவருக்கு அன்று வாங்கியதுதான்.

இப்பொழுது புதியதொரு சங்கடம் வந்திருக்கிறது. ஒருவர் பேசிய சில நிமிஷப் பதிவைக் கொண்டே அவர் பேசாதவற்றையும் அவர் குரலில் பேசிக் காட்டும் யந்திரம் வந்துவிட்டது. 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக, காலஞ்சென்ற பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவருடைய குரல்களையும் ஏ.ஆர். ரகுமான் இவ்விதம் மீட்டுப் பாடச் செய்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அது உத்தமமான முறை. எல்லோரும் அம்முறையைப் பின்பற்றுவார்கள் என்று நம்பியிருப்பது விவேகமாகாது. அதே ஆண்டில், தம் குரலை யந்திரத்தால் நகல் செய்தவர்கள்மீது பாடகர் அரிஜித் சிங் வழக்குத் தொடுத்து, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். அவர் பிரசித்தர், குரலைக் கேட்ட மாத்திரத்தில் ஊரார் பெயரைச் சொல்வார்கள். பெயரே வெளியில் தெரியாத குரலுக்கு எந்தப் பிரசித்தியைக் காட்டி வாதாடுவது?

சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இலும் 2012-இலும் செய்த திருத்தங்கள், நிகழ்த்துகிற கலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின்மேல் பாத்தியதை உண்டென்று சொல்கின்றன. தம் நிகழ்ச்சியை ஒரு படத்தில் சேர்க்க எழுத்துமூலம் சம்மதித்தவர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 'அதே படத்தை'த் தயாரிப்பாளர் அனுபவிப்பதைத் தடுக்க இயலாது; சம்மதம் அதே படத்தோடு நிற்கிறது என்பதை நினைவில் கொள்க. ஆனால் 2012 திருத்தம் ஒரு விலக்கையும் உடன் வைத்தது: படத்தில் சிறிதளவே, தற்செயலாகப் பங்கேற்று, தொழில் வழக்கப்படி எங்கும் பெயர் குறிக்கப்படாதவர், தம் நிகழ்ச்சியைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை ஒன்றைத் தவிர, கலைஞராகக் கருதப்படமாட்டார். கதாநாயகிக்குப் பேசியவரை இந்த விலக்கு தொடாது என்றே எண்ணுகிறேன். நாலு வசனம் பேசியவரையும் கூட்டத்துக் குரல்களையும் தொடக்கூடும். பெயர்ப் பட்டியலில் ஒரு வரி என்பது கௌரவத்தோடு முடியும் காரியம் அன்று என்பது இதனால் விளங்கும்.

ஆகவே தயாரிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: முகத்துக்கு உரியவர் பெயரைப் போடும்போது, குரலுக்கு உரியவர் பெயரையும் படிக்கக்கூடிய அளவில், படிக்கக்கூடிய நேரம் திரையில் நிறுத்துங்கள். மைக்கின் முன் நிற்கப் புறப்பட்டிருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: இக்குரல் இந்தப் படத்துக்கு அல்லது இந்த விளம்பரத்துக்கு மட்டுமே, யந்திரத்தைப் பழக்குவதற்கு அன்று என்ற வாக்கியம் ஒப்பந்தத்தில் ஏறும்வரை கையெழுத்திடாதீர்கள், தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் தொழிற்சங்கத்தின் மூலம் கேளுங்கள்.